திருநீர்மலையில் கல்யாணம், செங்கல்பட்டில் வாய்தா: குடும்ப நீதிமன்றம் போகும் முன் ஒரு சம்பளக்காரர் போட வேண்டிய கணக்கு



திருநீர்மலைன்னு சொன்னாலே நம்ம தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கத்து ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது கல்யாணம்தான். மலை மேல ரங்கநாதர், கீழே நீர்வண்ணப் பெருமாள். முகூர்த்த நாள்ல அந்தத் தெருவுல வண்டி ஓட்டிட்டுப் போனா மாலையும் கழுத்துமா ரெண்டு மூணு ஜோடியையாவது பார்க்காம வர முடியாது.

கல்யாணத்துக்கு எப்படி பட்ஜெட் போடுறதுன்னு நம்ம சேனல்ல வீடியோ போட்டப்போ நிறைய பேர் பார்த்தீங்க. அந்த வீடியோவுக்குப் பிறகு திருநீர்மலையில இருந்தே ஒரு சப்ஸ்கிரைபர் மெயில் அனுப்பியிருந்தாங்க. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தி, அவங்க அனுமதியோட இங்கே எழுதுறேன்.

"அண்ணா, அதே கோயில்லதான் எனக்கும் கல்யாணம் ஆச்சு. இப்போ நாலு வயசுப் பையனோட அம்மா வீட்டுல இருக்கேன். என் சம்பளக் கணக்கோட ஏ.டி.எம். கார்டு மூணு வருஷமா அவர்கிட்டதான் இருந்தது. ஒருநாள் கை ஓங்கினார். கிளம்பி வந்துட்டேன். ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டு 14 மாசம் ஆச்சு. இன்னும் வாய்தாதான். ரெண்டாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. ஒண்ணு போயிட்டிருக்கு, அதை நிறுத்தவா? இல்ல, நகையை அடகு வைக்கவா?"

அவங்க கேட்டது எஸ்.ஐ.பி. பத்தி. ஆனா அவங்க பணத்தை அதிகமா தின்னுட்டிருந்தது மார்க்கெட் இல்ல, தாமதம். அதனால இந்தக் கட்டுரை அந்தத் தாமதத்தைப் பத்தினது. குடும்ப நீதிமன்றம் எப்படி வேலை செய்யுது, சட்டம் ஏற்கெனவே என்ன சொல்லியிருக்கு, எது நடக்கிறதில்ல, அதுக்கு நடுவுல நம்ம பர்ஸை எப்படிக் காப்பாத்திக்கிறதுன்னு பார்க்கலாம். ஆண், பெண் ரெண்டு பேருக்கும் பயன்படுற மாதிரிதான் எழுதியிருக்கேன். கமெண்ட்ல சண்டை வேண்டாம் ப்ளீஸ்.

முதல்ல, எந்த கோர்ட்டுக்குப் போகணும்?

இதுலயே நிறைய பேர் தடுமாறுவாங்க. திருநீர்மலை 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சியோட சேர்ந்துடுச்சு. பேச்சு வழக்குல நாம எல்லாரும் "சென்னை"ன்னுதான் சொல்றோம். ஆனா வருவாய் மாவட்டம் செங்கல்பட்டு. ஹைகோர்ட் வளாகத்துல இருக்கிற குடும்ப நீதிமன்றங்கள் சென்னை மாவட்டத்துக்கானது. நம்ம மாவட்டத் தலைநகரமான செங்கல்பட்டு, தாம்பரம் ஸ்டேஷன்ல இருந்து ரயில்ல சுமார் 30 கிலோமீட்டர்.

ஒரு சலுகை இருக்கு. இந்து திருமணச் சட்டத்துல 2003-ல செஞ்ச திருத்தத்தின்படி, மனைவி தான் இப்போ குடியிருக்கிற ஊர்லயே மனு போடலாம். ஜீவனாம்ச மனுவையும் அப்படியே போடலாம். அதனால அம்மா வீடு வில்லிவாக்கத்துல இருந்தா சென்னையிலயே போடலாம். எதுக்கும், உங்க முகவரிக்கு எந்த கோர்ட்டுன்னு சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. தேசிய அளவுல அவங்க உதவி எண் 15100. இன்னொண்ணு, 1987-ம் வருஷ சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாம இலவச வக்கீல் கிடைக்கும். "நான் ஐ.டி.யில வேலை பார்க்கிறேன், எனக்குத் தர மாட்டாங்க"ன்னு நினைச்சுக்காதீங்க.

பெரிய சிக்கல் வேற. ஒரே குடும்பத்தோட பிரச்சினை மூணு வழக்காப் பிரிஞ்சு போகும். விவாகரத்தும் குழந்தைப் பொறுப்பும் குடும்ப நீதிமன்றத்துல. குடும்ப வன்முறைப் புகார் மாஜிஸ்திரேட் கோர்ட்டுல. ஜீவனாம்சம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோட 125-வது பிரிவு, 2024 ஜூலை 1-ல இருந்து பி.என்.எஸ்.எஸ். சட்டத்தோட 144-வது பிரிவு. மூணு கேஸ், மூணு தேதி, மூணு நாள் லீவு.

ஒரு வாய்தாவோட விலை என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது உதாரணம்தான், உங்க எண்களை நீங்களே போட்டுக்கோங்க.

மாசம் கைக்கு 45,000 ரூபாய் வாங்குறவங்களுக்கு ஒருநாள் சம்பளம் இல்லாத லீவுன்னா 1,500 ரூபாய் போச்சு. 14 வாய்தான்னா 21,000. போக்குவரத்து, ஜெராக்ஸ், வக்கீலுக்கு ஒவ்வொரு தடவையும் கொடுக்கிறது எல்லாம் தனி.

இது சின்னக் கணக்கு. பெரிய கணக்கு இது: மாசம் 15,000 ரூபாய் ஜீவனாம்சம் கிடைக்க வேண்டியவங்களுக்கு ஆணை வர 20 மாசம் ஆகுதுன்னு வைங்க. அந்த 20 மாசமும் வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிக்காது. ஒவ்வொரு மாசத் தொடக்கத்துலயும் 15,000 ரூபாயை 12 சதவீத சாதா வட்டிக்கு நகைக் கடனா வாங்கினா, 20 மாச முடிவுல அசல் 3 லட்சம், வட்டி மட்டும் 31,500 ரூபாய். நிலுவைத் தொகை பின்னாடி வந்தாலும், இந்த வட்டி வழக்கமா அதோட சேர்ந்து வராது. அது நம்ம கைக்காசு.

இதையே பணம் கொடுக்க வேண்டியவர் பக்கம் இருந்து பாருங்க. 20 மாசம் ஒண்ணும் கொடுக்காம "கோர்ட்டு சொல்லட்டும்"னு இருந்துட்டார். ஆணை வந்த அன்னைக்கு ஒரே மூச்சுல 3 லட்சம் நிலுவை, கூடவே அந்த மாச 15,000. அவரோட எமர்ஜென்சி ஃபண்ட் காலி, பர்சனல் லோன் ஆரம்பம்.

ஏன் 20 மாசத்துக்கும் சேர்த்துக் கொடுக்கணும்னு கேட்கலாம். அதுக்குப் பதில் அடுத்த தீர்ப்புல இருக்கு.

எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரே ஒரு தீர்ப்பு

ரஜ்னேஷ் எதிர் நேஹா. உச்ச நீதிமன்றம், 2020 நவம்பர் 4. நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி.

குழந்தை பிறந்த கொஞ்ச நாள்லயே, 2013 ஜனவரியில, மனைவி புகுந்த வீட்டை விட்டு வந்தாங்க. அந்த வருஷமே இடைக்கால ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாங்க. 2015 ஆகஸ்ட்ல குடும்ப நீதிமன்றம் மனைவிக்கு மாசம் 15,000, பையனுக்கு முதல்ல 5,000, பிறகு 10,000னு ஆணை போட்டது. கணவர் ஹைகோர்ட் போனார், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போனார். இடைக்கால ஆணையை அமல்படுத்துறதுக்கே ஏழு வருஷம். இடைக்காலம்னா என்ன அர்த்தம்னு நாமதான் யோசிக்கணும்.

அதைப் பார்த்த உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லா கோர்ட்டுக்கும் வழிகாட்டுதல் போட்டது. சம்பளக்காரங்களுக்கு முக்கியமானது இவைதான்:

1. ரெண்டு பேரும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும். சம்பளம், வங்கிக் கணக்கு, முதலீடு, நகை, வீடு, கடன், மாசச் செலவு எல்லாமே. எதிர்த்தரப்பு நாலு வாரத்துக்குள்ள தரணும். அதுக்காக ரெண்டு தடவைக்கு மேல வாய்தா கூடாது. இழுத்தடிச்சா அவரோட எதிர்வாதத்தையே நீக்கிடலாம்.

2. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, பிரமாணப் பத்திரங்கள் வந்த பிறகு நாலுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள முடிக்கப் பார்க்கணும்.

3. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில இருந்தே கணக்கு. ஆணை வந்த தேதியில இருந்து இல்ல. அந்த 3 லட்சம் நிலுவை வந்தது இதனாலதான்.

4. ஒரே செலவுக்கு ரெண்டு தடவை இல்ல. ஒரு கோர்ட்டுல 10,000 ஆணை ஆகி, இன்னொரு கோர்ட்டுல 15,000னு முடிவாச்சுன்னா முன்னது கழிக்கப்படும். ஆனா முதல் ஆணையைப் பத்தி ரெண்டாவது கோர்ட்டுல சொல்லியாகணும்.

5. பொய் சொன்னா தண்டனை. பிரமாணப் பத்திரத்துல பொய்த் தகவல் கொடுத்தா அதுக்குத் தனி நடவடிக்கை எடுக்கலாம்.

இவ்வளவு தெளிவா சொன்ன பிறகு நடந்திருக்கணும் இல்லையா? 2023 நவம்பர்ல வேறொரு வழக்குல, இந்த வழிகாட்டுதல் சரியா பின்பற்றப்படலன்னு உச்ச நீதிமன்றமே பார்த்துட்டு, எல்லா நீதிபதிகளுக்கும் தீர்ப்பை மறுபடியும் அனுப்பச் சொன்னது. நம்ம சப்ஸ்கிரைபரோட 14 மாசமும் இதே கதைதான். எதிர்த்தரப்பு பிரமாணப் பத்திரம் போடல, அடுத்த தேதி, மறுபடியும் போடல, அடுத்த தேதி. அவங்க வக்கீலும் ரெண்டு தடவைதான்ங்கிற விஷயத்தை எழுத்துல எழுப்பல.

இதுல நமக்கான பாடம்

மனு போடுறவங்க முதல் நாளே தன்னோட பிரமாணப் பத்திரத்தைச் சேர்த்துப் போடுங்க. தேதி ஓட ஆரம்பிக்கிறது மனுவுல இருந்துதான். அதனால "அவர் மனசு மாறுவார்"னு ஒரு வருஷம் காத்திருந்தா அந்த ஒரு வருஷம் கணக்குல வராது.

பணம் கொடுக்க வேண்டியவங்க ஆணைக்குக் காத்திருக்காம, உங்களால முடிஞ்ச ஒரு நியாயமான தொகையை மாசாமாசம் பேங்க் மூலமா அனுப்ப ஆரம்பிங்க. ரிமார்க்ஸ்ல "வீட்டுச் செலவு, ஜூன் மாதம்"னு எழுதுங்க. கையில ரொக்கமா கொடுத்தா பிறகு நிரூபிக்க முடியாது. இது உங்க நல்லெண்ணத்துக்கும் சாட்சி, நிலுவையைக் குறைக்கவும் வழி.

ஆணை வந்தும் பணம் வரலன்னா, நிலுவையை வசூலிக்கும் மனுவை பணம் சேர வேண்டிய தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். 144-வது பிரிவுல அந்தக் கெடு இருக்கு. காலண்டர்ல ரிமைண்டர் வைங்க.

"அண்ணா, 25 சதவீதம் போயிடுமா?"

ஆண் சப்ஸ்கிரைபர்கள் அதிகமா கேட்கிற கேள்வி இது. இதுக்கு மூலம் 2017-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன கல்யாண் டே சௌத்ரி வழக்கு. கணவரோட கைச்சம்பளம் சுமார் 95,500. கைச்சம்பளத்துல 25 சதவீதம் நியாயமா இருக்கும்னு கோர்ட் சொன்னது. ஆனா அதே தீர்ப்புல, கணவருக்கு மறுமணம் ஆகி இன்னொரு குடும்பமும் இருக்கிறதைப் பார்த்து, ஹைகோர்ட் போட்ட 23,000 ரூபாயை 20,000 ஆக்கினாங்க. அதாவது 25 சதவீதம்ங்கிறது ஒரு அளவுகோல். வருமான வரி ஸ்லாப் மாதிரி கட்டாயம் இல்ல.

மனைவி சம்பாதிச்சா ஒண்ணும் கிடைக்காதுங்கிறதும் தப்பு. "சம்பாதிக்கத் தகுதி இருக்கு"ங்கிறதும் "உண்மையில சம்பாதிக்கிறாங்க"ங்கிறதும் வேற வேறன்னு 2017-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதே நேரம் மனைவியோட சம்பளம் கணக்குல எடுத்துக்கப்படும். அவங்க போதுமான அளவு சம்பாதிச்சா குழந்தையோட படிப்புச் செலவை ரெண்டு பேருக்கும் பங்கு பிரிக்கலாம்னு ரஜ்னேஷ் தீர்ப்பே சொல்லுது. இந்து திருமணச் சட்டத்தோட 24-வது பிரிவுல, வருமானம் இல்லாத கணவரும் மனைவிகிட்ட இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம்.

இன்னொரு தந்திரம் நிறைய பேர் யோசிப்பாங்க. "ரெண்டு லோன் போட்டு ஈ.எம்.ஐ.யை ஏத்திக் காமிச்சா கைச்சம்பளம் குறைஞ்சிடும்." செல்லாது நண்பா. வரி, பி.எஃப். மாதிரி கட்டாயப் பிடித்தம் வேற, நாமளா இஷ்டப்பட்டு வாங்கிக்கிட்ட ஈ.எம்.ஐ. வேற. கோர்ட்டுங்க இதைப் பிரிச்சுத்தான் பார்க்கும். கடைசியில லோனும் உங்க தலையில, ஜீவனாம்சமும் உங்க தலையில.

கொடுக்கிறவருக்கு இந்தத் தொகைக்கு வருமான வரியில கழிவும் கிடையாது. பட்ஜெட் போடும்போது மறந்துடாதீங்க.

சம்பளத்துல இருந்தே நேரா பிடிக்கலாம், தெரியுமா?

குடும்ப வன்முறையில இருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அதுல 20-வது பிரிவு, 6-வது உட்பிரிவு. ஆணைப்படி பணம் தரலன்னா, சம்பளத்துல ஒரு பங்கை நேரா அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கவோ கோர்ட்டுல கட்டவோ சொல்லி கம்பெனிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். ஹெச்.ஆர். மேசைக்கே வந்துடும்.

சாதாரணக் கடன் தீர்ப்புக்குச் சம்பளத்தை ஜப்தி பண்ணும்போது, முதல் 1,000 ரூபாயும் மீதியில மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது. ஜீவனாம்சத் தீர்ப்புன்னா அப்படியே தலைகீழ். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தோட 60-வது பிரிவுப்படி மூணுல ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு. சட்டம் ஜீவனாம்சத்தை எவ்வளவு முக்கியமா வச்சிருக்குன்னு இதுலயே தெரியுது.

ஆனா இதெல்லாம் புத்தகத்துல இருக்கு. ஒவ்வொரு தடவையும் பணம் வரலன்னு அந்தப் பெண்ணே தனியா மனு போட்டு, தனியா தேதி வாங்கி, தனியா லீவு போடணும். நம்ம ஈ.எம்.ஐ. ஒரு மாசம் பவுன்ஸ் ஆனா பேங்க் மறுநாளே போன் பண்ணுது. குழந்தையோட சாப்பாட்டுக் காசு பவுன்ஸ் ஆனா கேட்க ஒரு சிஸ்டம் இல்ல.

அடி மட்டும்தான் வன்முறையா?

இல்ல. அந்த மெயில்ல வந்த ஏ.டி.எம். கார்டு விஷயம் இருக்கே, அதுக்குச் சட்டத்துல பேர் இருக்கு: பொருளாதார வன்முறை. பணத்தைத் தராம இருக்கிறது, சீதன நகையை எடுத்து வச்சுக்கிறது, வீட்டுச் செலவுக்கு முடக்குறது எல்லாம் 2005 சட்டத்தோட 3-வது பிரிவுல வருது.

இந்தச் சட்டத்துல காலக்கெடுவும் உண்டு. மனு போட்டா முதல் விசாரணை சாதாரணமா மூணு நாளுக்குள்ள. முதல் விசாரணையில இருந்து 60 நாளுக்குள்ள முடிக்க முயற்சி பண்ணணும். அவசரம்னா எதிர்த்தரப்பு வராமலேயே இடைக்கால ஆணை போடலாம். வீட்டை விட்டுத் துரத்தக் கூடாதுன்னு குடியிருப்பு ஆணையும் கேட்கலாம். வீடு மாமனார் பேர்ல இருந்தாலும் அதுல குடும்பமா வாழ்ந்திருந்தா கேட்க வழி இருக்குன்னு 2020 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதுகாப்பு ஆணையை மீறினா ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

இந்தச் சட்டத்துல அச்சாணி மாதிரி ஒருத்தர் இருக்கணும். அவர்தான் பாதுகாப்பு அலுவலர். நம்ம மாநிலத்துல சமூக நலத் துறையில இருப்பாங்க. சம்பவ அறிக்கை தயார் பண்றது, மனுவை கோர்ட்டுக்குக் கொண்டுபோறது, தங்குமிடம், மருத்துவம் பார்த்துத் தர்றது அவங்க வேலை. ஒரு மாவட்டம் முழுசுக்கும் ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தா எப்படி முடியும்? 2025 மே மாசத்துல, மாவட்டம், தாலுகா அளவுல பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. சட்டம் அமலுக்கு வந்தது 2006 அக்டோபர் 26. பதினெட்டு வருஷத்துக்கு மேல கழிச்சும் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

நீங்களோ, உங்க ஆபீஸ் தோழியோ இந்த நிலையில இருந்தா, சத்தமில்லாம செய்ய வேண்டியது:

* ஆபத்துன்னா முதல்ல 112 அல்லது பெண்கள் உதவி எண் 181. பணக் கணக்கெல்லாம் பிறகு.
* வேற பேங்க்ல, வேற மொபைல் நம்பர்ல ஒரு புதுக் கணக்கு. சம்பளத்தை அதுக்கு மாத்தச் சொல்லி ஹெச்.ஆர்.கிட்ட எழுதிக் கொடுங்க.
* யு.பி.ஐ. பின், ஈமெயில் பாஸ்வேர்டு, ரெக்கவரி நம்பர் எல்லாம் மாத்துங்க. ஆதாரோட இணைஞ்ச மொபைல் யார் கையில இருக்குன்னு பாருங்க.
* கல்யாணப் பதிவுச் சான்று, குழந்தையோட பிறப்புச் சான்று, நகை பில், நகை போட்ட கல்யாண போட்டோ, மருத்துவச் சீட்டு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி நம்பிக்கையானவங்ககிட்ட ஒரு காப்பி வைங்க.
* மூணு மாசச் செலவு கையில இருக்கணும். எமர்ஜென்சி ஃபண்ட் வேலை போறதுக்கு மட்டும் இல்ல. பத்திரமா வீட்டை விட்டு வெளியே வர்றதுக்கும் அதுதான் உதவும்.

குழந்தை யார் பக்கம்?

ரெண்டு பேருமே "எனக்குத்தான்"னு சொல்ற இடம் இது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956-ன்படி அஞ்சு வயசுக்கு உட்பட்ட குழந்தை சாதாரணமா அம்மாகிட்ட. ஆனா எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலன்தான்னு அதே சட்டத்தோட 13-வது பிரிவு சொல்லுது. இந்திய சட்ட ஆணையம் 2015-ல கொடுத்த 257-வது அறிக்கையில, ரெண்டு பெற்றோரும் பொறுப்பைப் பகிர்ந்துக்கிற கூட்டுப் பொறுப்பு முறையைப் பரிந்துரைச்சது. அது இன்னும் சட்டமாகல.

பணம் சம்பந்தமா இங்கே ஒரு அழகான வழக்கு இருக்கு. கோயம்புத்தூர்ல பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், 1984-ல தன் பையன் பேர்ல ரிசர்வ் வங்கியோட 9 சதவீத ரிலீஃப் பாண்டு வாங்க மனு போட்டாங்க. அப்பா கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அம்மா ஏன் காப்பாளர் ஆகக்கூடாதுன்னு அவங்களும் கணவரும் சேர்ந்தே உச்ச நீதிமன்றம் போனாங்க. 1999 பிப்ரவரியில தீர்ப்பு: சட்டத்துல "தந்தைக்குப் பிறகு தாய்"னு இருக்கிறதுக்கு "தந்தை இறந்த பிறகு"ன்னு மட்டும் அர்த்தம் இல்ல, தந்தை பொறுப்பில் இல்லாதபோதும் தாய் இயற்கைக் காப்பாளர்தான். இன்னைக்கு ஒரு பேங்க் கவுண்டர்ல "அப்பா வரணும்மா"ன்னு சொன்னா, இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்க. அம்மா தனியா வளர்க்கும் குழந்தைக்கு பான் கார்டு எடுக்க அப்பா பேர் கட்டாயம் இல்லன்னு 2018 டிசம்பர்ல விதியும் மாறிடுச்சு.

குழந்தைக்காக ரெண்டு பேருமே செய்ய வேண்டியது: ஒரு எக்செல் ஷீட். பள்ளிக் கட்டணம், வேன், டாக்டர், துணி, டியூஷன். மாசாமாசம் ரசீதோட. கோர்ட்டுல "நிறைய செலவாகுது"ன்னு சொல்றதை விட, "மாசம் 11,400 ஆகுது, இதோ பில்"னு சொன்னா எடுபடும்.

லோனும் நாமினியும்

ரெண்டு பேர் பேர்லயும் வீட்டு லோன் இருக்கா? குடும்ப நீதிமன்றம் "கணவர் கட்டணும்"னு சொன்னாலும், பேங்குக்கு ரெண்டு பேருமே கடன்காரங்கதான். அவர் கட்டாம விட்டா உங்க சிபில் ஸ்கோரும் சேர்ந்து விழும். சமரசம் எழுதும்போதே, லோனை ஒருத்தர் பேருக்கு மாத்துறதா, வீட்டை வித்து அடைக்கிறதான்னு முடிவு பண்ணி எழுதிடுங்க. ஜாயின்ட் கணக்கை, ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தாத்தான் எடுக்க முடியும்னு மாத்தச் சொல்லி பேங்குக்குக் கடிதம் கொடுங்க.

விவாகரத்து ஆன அன்னைக்கே இன்ஷூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப். எல்லாத்துலயும் நாமினியைப் பாருங்க. தானா மாறிடும்னு நம்பி இருக்காதீங்க. குழந்தைக்காகவே எடுக்கிற டேர்ம் பாலிசின்னா, திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874-ன் கீழ எடுக்கலாமான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. அந்தப் பணம் குழந்தைக்குன்னே தனியா நிக்கும், கடன்காரங்க கைவைக்க முடியாது.

கோர்ட்டு எங்கே மாறணும்?

நான் வக்கீல் இல்ல. பணக் கணக்குப் பார்க்கிறவன். ஆனா கணக்குல ஓட்டை எங்கேன்னு தெரியுது.

ஒண்ணு, பிரமாணப் பத்திரம் இல்லாத மனுவை ஃபைலிங் கவுண்டர்லயே திருப்பணும். பான் இல்லாம டீமேட் கணக்கு திறக்க முடியுதா? அது மாதிரி.

ரெண்டு, ஒரு குடும்பத்துக்கு ஒரு நீதிபதி. இதுக்குப் புதுச் சட்டம் வேண்டாம். குடும்ப வன்முறைச் சட்டத்துல கிடைக்கிற நிவாரணத்தை குடும்ப நீதிமன்றத்துலயே கேட்கலாம்னு 26-வது பிரிவு சொல்லுது. மனு போடுறவங்களுக்கு முதல் நாளே அதைச் சொல்ல ஒரு ஆள் வேணும்.

மூணு, முதல் தவணை தவறினாலே சம்பளத்துல இருந்து நேரா பிடிக்கிற ஆணை தானா போகணும். அந்தப் பெண் மறுபடி மனுவோட வந்து நிக்கக் கூடாது.

நாலு, முழுநேரப் பாதுகாப்பு அலுவலர், தாலுகாவுக்கு ஒருத்தராவது. தாம்பரம் மாதிரி மக்கள் நெருக்கமான இடத்துல கண்டிப்பா.

அஞ்சு, வெறும் தேதி வாங்குற நாளுக்கு நேர்ல வரச் சொல்லாம, வீடியோவுலயே முடிக்கலாம். ஒரு நாள் லீவு மிச்சம்.

இதுல எதுக்கும் பெரிய பட்ஜெட் தேவையில்ல. பாதிக்கு மேல ஏற்கெனவே சட்டத்துலயும் தீர்ப்புலயும் இருக்கு.

அந்த எஸ்.ஐ.பி. என்ன ஆச்சு?

நான் எழுதின பதில் இதுதான்: "தங்கச்சி, எஸ்.ஐ.பி.யை இப்போதைக்கு நிறுத்தி வைம்மா, தப்பில்ல. யூனிட்டை விக்காதே. நகையை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி, பிரமாணப் பத்திரம் பத்தி வக்கீல்கிட்ட எழுத்துல ஒரு மனு போடச் சொல்லு."

அவங்க சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா வேற வக்கீல் வச்சாங்க. அந்த மனுவைப் போட்டாங்க. ரெண்டு தேதியில எதிர்த்தரப்போட பத்திரம் வந்தது. அதுக்குப் பிறகு இடைக்கால ஆணையும் வந்தது. கேட்ட தொகை முழுசா கிடைக்கல. நிலுவை இன்னும் தவணையாத்தான் வருது. பையன் இந்த வருஷம் யு.கே.ஜி. அப்பா சனிக்கிழமை வந்து பார்த்துட்டுப் போறார்.

போன வாரம் ஒரு வரி மெயில் வந்தது: "அண்ணா, எஸ்.ஐ.பி. மறுபடி ஆரம்பிச்சுட்டேன். ஆயிரம் ரூபாய்தான்."

ஆயிரம் போதும் தங்கச்சி.

உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்கோ இது தேவைப்பட்டா இந்தக் கட்டுரையை அனுப்புங்க. குரூப்ல போடாதீங்க, தனியா அனுப்புங்க. யார் போன்ல யார் படிப்பாங்கன்னு தெரியாது. இது பொதுவான தகவல்தான். உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்றதுதான் முடிவு. அடுத்த வீடியோவுல அந்தப் பிரமாணப் பத்திரத்தை ஒவ்வொரு பத்தியா எப்படி நிரப்புறதுன்னு பார்க்கலாம்.